இடையில் விடக்கூடிய படிப்பு

சுவிசில், துன் ஏரிக்கரையில் நான் வேலை செய்த ஹோட்டல் விற்கப்பட்ட செய்தியைச் சமையலறையில் இருந்த எங்களுக்குக் கொண்டுவந்தவர், காலையில் ரொட்டி இறக்கும் பாண்காரர்தான். அடுத்த மாதத்திலிருந்து இந்த வாசலில் வண்டியை நிறுத்த வேண்டியதில்லை என்று அவருக்கு முதலே சொல்லிவிட்டார்கள். எங்களுக்கும் தெரியும் என்று நினைத்து அவர் கைகொடுத்து விடைபெற்றார். எதற்குக் கைகொடுக்கிறார் என்று விளங்காமல் நானும் ஈரக்கையைத் துடைத்துவிட்டுக் கொடுத்தேன். அன்று பின்னேரம் முதலாளி எல்லோரையும் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். வாங்கியவர்கள் ஹோட்டலை இடித்து வீடுகள் கட்டப் போகிறார்களாம்.

அகதி விண்ணப்பம் போட்டு, வேலை செய்ய அனுமதி கிடைத்த நாளிலிருந்து நான் அந்தச் சமையலறையில்தான் இருந்தேன். பாத்திரம் கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, பிறகு சலாட்டும் குளிர்ந்த உணவுகளும் என் பொறுப்பாகியிருந்தன. வேறு வேலை தேடவேண்டிய தேவை வந்ததே இல்லை. ஆகவே வேலை போனால் இந்த நாட்டில் என்ன செய்வது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு ஆர்வமும் இருந்தது என்று சொன்னால் மனைவிக்கு அப்போது கோபம் வந்திருக்கும்.

வேலை போய் காப்புறுதிப் பணம் எடுக்கிற ஆளை எங்கட ஆட்கள் ‘அவர் ஸ்டெம்பல் குத்துறார்’ என்பார்கள். ஸ்டெம்பல் என்றால் முத்திரை; சுவிஸ்காரரும் அப்படித்தான் சொல்வார்கள். அதனால் வேலை ஒப்பீசுக்கு முதன்முதல் போன அன்று நான் கண்ணால் தேடியது ஒரு முத்திரையை. கதவருகே இருந்த பெண்ணிடம் அப்படி ஒன்றும் இல்லை. என்னைக் கூப்பிட்ட ஆலோசகரின் மேசையிலும் இல்லை. அவர் கிட்டத்தட்ட என் வயதுக்காரி. கட்டையாக வெட்டிய தலைமயிர், காதில் செருகிய பென்சில். என்னோடு நிறுத்தி நிறுத்தி எழுத்து ஜேர்மனில் கதைத்தார். இடையில் தன்னை அறியாமல் இந்தப் பக்கத்துப் பேச்சான பேர்ன் மொழிக்குள் விழுந்தால், மன்னிப்புக் கேட்டு அதே வசனத்தைத் திரும்பச் சொன்னார்.

கடைசியில் எனக்குப் பொறுக்க முடியாமல், முத்திரை எங்கே குத்துவீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். ஒரு காலத்தில் வேலையில்லாதவர்கள் அடிக்கடி வந்து அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு போகவேண்டி இருந்ததாம். அதை நிறுத்திப் பல வருடம். முத்திரைக்கு வேலை போய்விட்டது, அந்தச் சொல்லுக்கு மட்டும் இன்னும் வேலை இருக்கிறது என்றார். எனக்கு அவரை அப்போதே பிடித்துப் போயிற்று.

என் கடமைகளை அவர் ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். நானே வேலை தேட வேண்டும். எங்கெங்கே கேட்டேன் என்று மாதாமாதம் காட்ட வேண்டும். பொருத்தமான வேலை ஒன்றை அவர்கள் காட்டினால் போய் நிற்க வேண்டும். இதற்கெல்லாம் அடியில் ஒரு நீண்ட ஜேர்மன் சொல் இருந்தது. எங்கட பாஷையில் சொன்னால், வேலைக்கு அனுப்பக்கூடிய ஆளாக இருத்தல். கை கால் சுகமாக இருந்தால் மட்டும் போதாது, மனமும் நேரமும் வேலைக்குத் திறந்திருக்க வேண்டும். இந்தப் பணம் பிச்சை இல்லை, உங்கள் சம்பளத்தில் இருந்து இத்தனை வருடம் கழித்த காப்புறுதி என்றும், ஆனால் அந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அது நின்றுவிடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில்தான், நான் குடியிருந்த கட்டடத்தைப் பகல் வெளிச்சத்தில் முதன்முதலாகப் பார்த்தேன். ஹோட்டல் நாட்களில் காலையில் போய் இடைவேளைக்கு வந்து படுத்து, பின்னேரம் திரும்பப் போகிறவன் நான். கட்டடத்தில் பகலில் என்ன நடக்கிறது என்று தெரியாது. மனைவி முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதிக்கு வேலைக்குப் போனபின், விண்ணப்பங்களை எழுதி முடித்துவிட்டு மாடிப்படியில் இறங்கி ஏறுவேன். ஒருநாள் நிலவறையில் எப்போதும் பூட்டியிருக்கும் இரும்புக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே வெப்பமூட்டும் இயந்திரத்தைச் சோதிக்க வந்தவர் முழங்காலில் நின்று எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்றேன். பார்க்கிறதென்றால் உள்ளே வா, கதவைச் சாத்து, குளிர் வருகிறது என்றார்.

எண்ணெய் எப்படித் தூவலாக உடைகிறது, நெருப்பை எது பார்த்துக்கொண்டிருக்கிறது, வெளியே எவ்வளவு குளிர் என்று இந்த இயந்திரத்துக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். வடக்குச் சுவரில் ஒரு சின்னக் கருவி குளிரை அளக்கிறது என்று அவர் சொன்னதும், நான் வெளியே போய் அதைத் தேடிப் பார்த்துவிட்டு வந்தேன். நான்காவது மாடியில் நாங்கள் குழாயைத் திருகிக் கைகழுவும் சுடுதண்ணீர் அங்கே இரண்டு தரம் சுற்றி வருகிறது என்பதை அறிந்தபோது, இத்தனை வருடம் ஒரு வீட்டில் அல்ல, வீட்டின் தோலில் குடியிருந்திருக்கிறேன் என்று தோன்றியது. எல்லாவற்றையும் இன்னும் அறிய வேண்டும் போல் இருந்தது.

கொஞ்ச நாளில் இலவசப் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் கண்டேன். பேர்ன் நகரில் ஒரு பள்ளியில் அப்வார்ட் வேலைக்கான கோர்ஸ். அப்வார்ட் என்றால் ஒரு கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். சுத்தம், தோட்டம், பனி தள்ளுவது, விளக்கு, வெப்பம், சலவை அறைச் சண்டை எல்லாம் அவர் தலையில். வாரத்தில் மூன்று பகல், தை மாதம் தொடங்கிக் கோடை விடுமுறைக்கு முன் முடியும். சேர்வதற்கு வேண்டிய ஜேர்மன் எனக்கு இருந்தது. சேமிப்பிலிருந்து கட்டலாம் என்று மனைவியும் சம்மதித்தாள்.

அதை ஆலோசகரிடம் சொன்னபோது அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்தார்.

“நாளைக்கே உங்களுக்கு ஒரு வேலை வந்தால் இந்தக் கோர்சை விடுவீர்களா?”

“முடிக்கத்தானே சேரப் போகிறேன்” என்றேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு விளங்கப்படுத்தினார். கோர்ஸ் காரணமாக ஒருவர் வேலைக்குப் போக முடியாது என்றால் சட்டத்தின் கண்ணில் அவர் வேலையில்லாதவர் அல்ல, மாணவர். மாணவருக்கு இந்தக் காப்புறுதியில் இடமில்லை. ஒப்பீசே ஒருவரைக் கோர்சுக்கு அனுப்பினால் கதை வேறு. ஆனால் என்னை அனுப்ப அவர்களால் முடியாது. ஏரியைச் சுற்றி எல்லா ஹோட்டலும் சமையலறைக்கு ஆள் தேடுகின்றன, கோர்ஸ் இல்லாமலே எனக்கு வேலை கிடைக்கும். ஆகவே நான் என் விருப்பத்தில், என் செலவில் போகலாம். போய்க்கொண்டே வேலையும் தேட வேண்டும். வேலை வந்த அன்று கோர்சை விட வேண்டும்.

“முடிக்க நினைக்காதவன் ஏன் சேர வேண்டும்?” என்று கேட்டேன். வாதாட அல்ல. உண்மையாகவே விளங்கவில்லை.

அவர் பென்சிலைத் திரும்பக் காதில் செருகினார். பிறகு, “நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்று சட்டம் கேட்கவில்லை. ஒரு முதலாளி வரச்சொன்னால், திங்கட்கிழமை காலை நீங்கள் எங்கே நிற்பீர்கள் என்றுதான் கேட்கிறது” என்றார்.

யோசித்துச் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் புருவத்தை உயர்த்தினார். இந்தக் கேள்வியைத் தான் கேட்டு முடிக்க முதலே எல்லோரும் ஆம் என்று சொல்லிவிடுவார்களாம். அடுத்த சந்திப்புவரை தவணை தந்தார்.

என்னோடு ஒரே காலத்தில் இந்த நாட்டுக்கு வந்த அண்ணை ஒருவர் இரண்டு பஸ் தரிப்பு தள்ளி இருந்தார். ஏற்கெனவே இரண்டு முறை ஸ்டெம்பல் குத்திய அனுபவசாலி. அன்று தேத்தண்ணிக்கு வந்தவர் கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்தார்.

“உனக்கென்ன விசரோ? ஓம் எண்டு சொல்லிப்போட்டு வாறதுக்கு என்ன யோசினை? கோர்ஸ் எண்டதையே நீ வாய் திறந்திருக்கக்கூடாது.”

வேலைக்கு அனுப்பினால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. போய் நின்று, நாரிப்பிடிப்பு, குனிந்தால் இடுப்பு நிமிராது என்று சொன்னால் எந்த முதலாளியும் எடுக்க மாட்டான். அவர் போனபிறகு கோப்பைகளை எடுத்தபடி மனைவி கேட்டாள்: “உண்மையாவே நீங்கள் விடுவியளோ?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். அதுதான் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. முதலில் ஓம் என்பதும் பிறகு விடுவதும் ஒரே ஆள் செய்கிற இரண்டு காரியம். இடையில் பல மாதம் இருக்கும். அத்தனை மாதம் படித்தபின் இருக்கப்போகிற ஆளுக்காக இன்றைக்கு நான் எப்படிச் சத்தியம் பண்ணுவது?

அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. “அப்ப விடுறதெண்டால் என்ன நடக்கும் எண்டு முதல்ல போய்க் கேளுங்கோவன்” என்றாள்.

அடுத்த நாளே பேர்னுக்கு ரயில் எடுத்தேன். பள்ளியின் அலுவலகத்தில் இருந்த பெண் சேர்வதற்கான தாளை எடுத்து நீட்டினார். எனக்கு முதலில் விடுவதைப் பற்றித் தெரிய வேண்டும் என்றேன். இடையில் ஒருவர் நின்றுவிட்டால் கட்டிய காசு என்னாகும், மிச்சத்தைப் பிறகு படிக்கலாமா, விடுவதை எத்தனை நாளுக்கு முன் சொல்ல வேண்டும்? உள்ளே வருவதற்கு முன்னே வெளியே போகும் வழியைக் கேட்ட முதல் ஆள் நீங்கள் என்று சொல்லி, அவர் பின் அறைக்குப் போய் யாரையோ கேட்டுக்கொண்டு வந்தார். வேலை கிடைத்ததால் நிற்பவர் உடனே நிற்கலாம், நின்ற இடத்திலிருந்து அடுத்த வகுப்பில் தொடரலாம். அதை ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார்.

திரும்பும் ரயிலில் எனக்கு விடை இருந்தது. விடுவது கதவை அறைந்து சாத்துவது அல்ல, பூட்டிவிட்டுத் திறப்பைக் கையில் வைத்திருப்பது. அது என்னால் முடியும்போல இருந்தது. ஆலோசகரிடம் போய் “ஓம், விடுவேன்” என்றேன். கடதாசியையும் கொடுத்தேன். மாநில அலுவலகம் அதைப் பார்த்துவிட்டு, நான் வேலைக்கு அனுப்பக்கூடிய ஆள்தான், கோர்சுக்குப் போகலாம், பணமும் தொடரும் என்று எழுதியது.

கோர்ஸ் தொடங்கியது. முதல் வாரங்கள் முழுவதும் தரைகள். கல்லில் இத்தனை சாதியா என்று வியந்தேன். வினாகிரி சில கற்களை மினுக்கும், சிலவற்றைத் தின்றுவிடும். மெழுகுத் தரையில் எந்த இயந்திரத்தை எந்தப் பக்கம் சாய்த்தால் அது உன்னை இழுத்துக்கொண்டு ஓடும் என்பதை நான் ஓடியே அறிந்தேன். பிறகு தோட்டம், குப்பை, பனி. உப்பு ஏன் பனியை உருக்குகிறது, எந்தக் குளிருக்குக் கீழே அது வேலை செய்யாது என்று ஆசிரியர் சொன்ன அன்று, வீட்டில் குளிர்ப்பெட்டிக்குள் கிண்ணங்களை வைத்துச் சோதித்தேன். மீன் வைக்க இடமில்லை என்று மனைவி சத்தம் போட்டாள்.

சலவை அறைக்கென்றே ஒரு முழு நாள் ஒதுக்கியிருந்தார்கள். சுவிசில் ஒரு கட்டடத்தின் சமாதானம் சலவை அறையில்தான் தொடங்குகிறது அல்லது முடிகிறது என்று ஆசிரியர் சொன்னபோது வகுப்பே தலையாட்டியது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பல வருடம் லொறி ஓடியவர். முதுகு பழுதாகி இந்தப் பக்கம் வந்தவர். பேர்ன் மொழியில் ஆசிரியர் பகிடி விட்டால் எழுத்து ஜேர்மனில் எனக்குக் காதோடு சொல்லுவார். அப்படிச் சொல்லும்போது எந்தப் பகிடிக்கும் சிரிப்பு வராது. அதற்காகவே இருவரும் சிரிப்போம்.

வெப்பமூட்டும் பகுதி கடைசியில் வைக்கப்பட்டிருந்தது. பள்ளியின் நிலவறையில் படிப்புக்கென்றே ஒரு பழைய இயந்திரம் இருந்தது. அதை முழுதாகப் பிரித்துப் பூட்ட விடுவார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து நான் அந்த வாரத்துக்காகக் காத்திருந்தேன். வசந்தம் வந்தது. ஏரிக்கரை ஹோட்டல்கள் கோடைக்குக் கதவைத் திறக்கத் தொடங்கின. அந்த வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஆலோசகர் தொலைபேசி எடுத்தார். ஏரிக்கு மேலே ஒரு மலை ஹோட்டலில் குளிர்ந்த உணவுக்கு ஆள் தேவை, இன்றைக்கே போய்ச் சந்திக்க முடியுமா என்று கேட்டார். கோர்சைப் பற்றி ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. முடியும் என்று சொல்லிச் சப்பாத்தைப் போட்டேன்.

மலை ரயிலில் ஏறும்போது அண்ணையின் நாரிப்பிடிப்பு என் நினைவில் இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஒரு வசனம் போதும். யாருக்கும் தெரிய வராது. ஆனால் அன்று தவணை வாங்கி, ரயில் ஏறி, கேட்டு அறிந்து சொன்ன ‘ஓம்’ உண்மையா என்று பார்க்கும் சந்தர்ப்பம் இதற்குப் பிறகு வராது. நான் எப்படிப்பட்ட ஆள் என்று அறிய எனக்கே ஆசையாக இருந்தது.

தலைமைச் சமையல்காரர் உயரமானவர், அவசரக்காரர். ஒரு கத்தியையும் ஒரு பெட்டி முள்ளங்கியையும் தந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “திங்கட்கிழமை வர முடியுமா?” என்றார்.

“முடியும்” என்றேன்.

சொன்னபிறகும் கத்தியைக் கீழே வைக்காமல் அடுத்த முள்ளங்கியை எடுத்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. உடுப்பு அளவு கேட்டுக்கொண்டிருந்தார்.

கீழே வந்ததும் ஆலோசகருக்கு எடுத்துச் சொன்னேன். திங்கட்கிழமைத் திகதியை அவர் குறித்துக்கொண்டார். பிறகு, “வெப்பமூட்டும் பகுதி முடிந்துவிட்டதா?” என்று கேட்டார். அது அடுத்த வாரம் என்றேன். அப்படியா என்றார். நான் அந்தப் பகுதிக்காகக் காத்திருக்கிறேன் என்று எப்போதோ சொன்னதை அவர் மறக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மனைவி சோர்ந்துதான் போனாள். நான் படிக்க அமைதி வேண்டும் என்று, அவள் பல ஞாயிற்றுக்கிழமைகளை முதியோர் இல்லத்தின் சலவை இயந்திரங்களோடு கழித்திருந்தாள். அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டி நின்றபடி, “நீங்கள் ஓம் எண்டு சொன்னபடியால் போங்கோ. ஆனா திரும்பிப் போய் முடிக்கோணும், சொல்லிப்போட்டன்” என்றாள். பள்ளிக்கு எடுத்துச் சொன்னபோது ஆசிரியர்தான் தொலைபேசிக்கு வந்தார். சலித்துப்போய் விட்டவர்களை எனக்குத் தெரியும், இயந்திரத்தைத் திறக்கும் வாரத்தில் விடுகிற முதல் ஆள் நீங்கள்தான் என்றார்.

அந்தக் கோடை முழுவதும் மலையில் இருந்தேன். வேலை கடினம், ஆட்கள் நல்லவர்கள். யன்னலைத் திறந்தால் மூன்று பெரிய மலைகள் நேரே நிற்கும். நான் வெட்டும் தக்காளியைத் தவிர வேறொன்றையும் பார்க்க நேரம் இருக்காது. இடைவேளைகளில் அந்த ஹோட்டலின் கொதிகலன் அறையைக் கண்டுபிடித்தேன். விறகுச் சீவல் எரிக்கும் இயந்திரம் அது. அதைப் பார்த்துக்கொண்டவர் பக்கத்துக் கிராமத்து விவசாயி. அவர் மொழி எனக்கு அரைவாசிதான் விளங்கும். ஆனால் சாம்பல் அள்ள ஆள் கிடைத்தால் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐப்பசியில் ஹோட்டல் மூடியது. குளிர்காலத்துக்கு அவர்களிடம் வேறு ஆட்கள் இருந்தார்கள். நான் மறுபடி வேலை ஒப்பீசில் அதே கதிரையில் இருந்தேன்.

ஆலோசகர் என் கோப்பைத் திறந்து நெடுநேரம் வாசித்தார். சமையலறை வேலை எனக்குக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் இந்தப் பக்கத்தில் இனிக் கிடைப்பவை பருவகால வேலைகள். ஒவ்வொரு இலையுதிர்காலமும் நான் இங்கே வந்து இருப்பேன். கோர்ஸ் பாதியில் நிற்கிறது, வருடம் முழுவதும் செய்யக்கூடிய வேலைக்கு அது வழி. இதையெல்லாம் எழுதி, மிச்சக் கோர்சுக்கு ஒப்பீசே என்னை அனுப்ப வேண்டும் என்று தான் கேட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். உறுதி சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். சில வாரத்தில் சம்மதம் வந்தது. அதைத் தந்துகொண்டே அவர் நிபந்தனைகளைச் சொன்னார்.

“இனி ஒரு நாள்கூடக் காரணம் இல்லாமல் வகுப்பைத் தவறவிடக்கூடாது. தவறவிட்டால் பணம் நிறுத்தப்படலாம்.”

“வேலை வந்தால்?”

“கோர்ஸ் முடியும்வரை நீங்கள் அதை விட வேண்டியதில்லை.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தைக் கடுமையாக வைத்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அதே பள்ளி, அதே ஆசிரியர், அதே கொதிகலன். வசந்தத்தில் நான் விடத் தயாராக இருந்தால்தான் பணம். இப்போது நான் விடாமல் இருந்தால்தான் பணம். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் ஒரு தாளின் பின்பக்கத்தில் ஒரு கட்டடம் வரைந்து, இரண்டு வாசல் வைத்தார். ஒன்றில் நான் நானாகப் போகிறேன், மற்றதில் அவர்கள் என்னை அனுப்புகிறார்கள். உள்ளே இருக்கும் வகுப்பு ஒன்றுதான், ஆனால் எந்த வாசலால் வந்தவர் என்று பார்த்துத்தான் சட்டம் கதைக்கும். அந்தப் படத்தை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவிக்குக் காட்டினேன். அவள், அதை வரைந்த ஆளுக்கு நல்ல பொறுமை என்று மட்டும் சொன்னாள்.

ஆவணியில் தொடங்கி, மார்கழியில் கடைசிப் பகுதிக்கு வந்திருந்த அடுத்த வகுப்பில் சேர்ந்தேன்; எல்லோரும் புது முகங்கள். லொறிக்காரர் ஆனி மாதமே தேறி ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். காத்திருந்த இயந்திரத்தை ஒருவழியாகப் பிரித்தோம். நான் மனதில் கட்டியிருந்ததைவிட அது எளிமையாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றம்கூட. ஆனால் பூட்டியபிறகு அது எரியவில்லை. மூன்று பேர் சேர்ந்து பின்னேரம்வரை தேடினோம். நெருப்பைப் பார்க்கும் கண்ணாடிக் கண்ணைத் துடைக்க மறந்திருந்தோம். புகைக்கரி படிந்த கண்ணுக்கு நெருப்பு தெரியவில்லை, ஆகவே அது எண்ணெயை நிறுத்திக்கொண்டே இருந்தது. இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்த மகிழ்ச்சியைவிட அந்தக் கண்ணைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி பெரிது.

ஒரு கிழமை கடுங்காய்ச்சல் வந்தது. வகுப்புக்குப் போகாமல் இருக்க முடியாது என்று நான் சப்பாத்துப் போடுவதைப் பார்த்த மனைவி என்னை இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனாள். அவர் அத்தாட்சிக் கடிதம் எழுதித் தந்தபோது அவள் சிரிப்பை அடக்கினாள். வெளியே வந்ததும், “போன வருசம் விட்டிட்டுப் போக ஆயத்தமா நில்லெண்டவை. இப்ப ஒருநாள் படுக்கிறதுக்கு டொக்டர்ட கையெழுத்தோ?” என்றாள். எனக்குச் சிரிக்கப் போய் இருமல்தான் வந்தது.

சோதனை மாசியில். எழுத்தில் சுமாராகவும் செய்முறையில் நன்றாகவும் செய்து தேறினேன். அதன்பிறகும் வேலை உடனே கிடைத்துவிடவில்லை. அப்வார்ட் வேலைக்கு ஒரு தமிழனை எடுக்கலாமா என்று நேரே கேட்டவர்கள் இல்லை. ஆனால் பெயரைப் பார்த்ததும் இடம் நிரம்பிவிட்டது என்ற பதில்கள் வந்தன. பங்குனி முடிவில், துன் நகரின் ஓரத்தில் சில கட்டடங்களை வைத்திருந்த ஒரு குடியிருப்புச் சங்கம் கூப்பிட்டது. மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். சட்டம், உப்பு, எண்ணெய் எல்லாம் கேட்டபின், நடுவில் இருந்த வயதான அம்மா, இரண்டு குடியிருப்பாளர் சண்டை பிடித்தால் யார் பக்கம் நிற்பீர்கள் என்று கேட்டார். முதலில் இரண்டு பேர் வீட்டுக்கும் போய் அங்கே என்ன கேட்கிறது, என்ன மணக்கிறது என்று பார்ப்பேன் என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு நாளில் என்னை எடுத்துவிட்டார்கள்.

ஆலோசகரிடம் கடைசியாகப் போனபோது அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். உங்களை மறுபடி இங்கே காண விரும்பவில்லை என்றார். அந்தக் கட்டடத்தில் அதைவிட அன்பான வாழ்த்து கிடையாது. அண்ணைக்கும் சொன்னேன். அவர் தேத்தண்ணியை ஊதிக் குடித்துவிட்டு, அந்தக் கோர்சுக்கு எவ்வளவு ஜேர்மன் வேணும் என்று கேட்டார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஒரு வயதானவர் கூப்பிட்டார். படுக்கையறைச் சுவருக்குள் ஏதோ ரீங்காரம், மாதக்கணக்காகக் கேட்கிறது, யாரும் நம்புவதில்லை என்றார். நான் சுவரில் காதை வைத்தேன். அவரும் பக்கத்தில் வைத்தார். மெல்லிய, விடாத ஒரு சத்தம். தண்ணீர்க் குழாயா? குழாயை மூடினேன், சத்தம் நிற்கவில்லை. காற்றுப் போக்கியா? அதுவும் இல்லை. நிலவறைக்குப் போய் மேலே வந்தேன், மறுபடி போனேன். கடைசியில் பக்கத்து வீட்டு மணியை அடித்தேன். கதவைத் திறந்த பெண்ணிடம் அனுமதி கேட்டு உள்ளே போனால், சுவரோடு ஒட்டி ஒரு பெரிய மீன்தொட்டி, அதன் காற்றுக் குழலைத் தள்ளும் சின்ன இயந்திரம் சுவரில் சாய்ந்து கிடந்தது. அதைச் சுவரிலிருந்து நகர்த்தி, என் பையில் இருந்த தடித்த பஞ்சுத் துண்டொன்றை வெட்டி அதன் கீழே வைத்தேன். சத்தம் நின்றது.

வயதானவர் என் பின்னால் வந்து வாசலில் தயங்கி நின்றார். இத்தனை வருடம் ஒரே படியில் ஏறி இறங்கியும் அந்த வீட்டுக்குள் வந்ததில்லையாம். அந்தப் பெண், மீன்களைப் பார்க்க விருப்பமா என்று அவரைக் கேட்டார். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நீல வரி போட்ட ஒன்று எந்த நாட்டு மீன், என்ன தின்னும் என்று கேட்கத் தொடங்கினார். எனக்கும் அதை அறிய ஆசையாக இருந்தது. சாமான்பையைத் தரையில் வைத்துவிட்டு நானும் நின்று கேட்டேன்.